நிறுவனங்களுக்குப் பாதுகாப்பான கிளவுட் அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுத்தர நிறுவனங்களுக்குக் கிளவுட் அமைப்பை வடிவமைத்துக் கொடுக்கும் வேலையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் பெரும்பாலும் ஐடி மேனேஜர்கள், சில நேரம் முதலாளிகளே. உதாரணங்கள் அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸைச் சுற்றியே இருக்கும், எனக்கு அன்றாடப் பழக்கம் அதில்தான். மைக்ரோசாஃப்ட்டின் அஸ்யூர், கூகுள் கிளவுட் வைத்திருப்பவர்களுக்குச் சேவைகளின் பெயர்கள் மாறும். யோசிக்கும் முறை அதேதான்.

கிளவுடுக்குப் போய்விட்டால் பாதுகாப்பு அமேசான், மைக்ரோசாஃப்ட்டின் பொறுப்புதானே?

பாதிதான். கட்டடம், மின்சாரம், ஹார்ட்வேர், அதன் மேல் ஓடி ஒரே கணினியைப் பல மெஷின்களாகப் பிரிக்கும் ஹைப்பர்வைசர் ஆகியவை அவர்கள் பொறுப்பு. அதற்கு மேலே நீங்கள் எந்தச் சேவையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கோடு நகரும். இசி2 என்ற வெறும் வாடகை மெஷினை எடுத்தால் லினக்ஸுக்குப் பேட்ச் போடுவது உங்கள் வேலை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை அமேசானே நடத்தும் ஆர்டிஎஸ் சேவையாக எடுத்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் யார் உள்ளே வரலாம், யார் எந்தத் தரவைப் பார்க்கலாம், யார் எதை அழிக்கலாம் என்ற மூன்றும் எந்தச் சேவையை எடுத்தாலும் உங்கள் தலையில்தான்.

டொயோட்டா 2023-இல் வெளியிட்ட தகவலைப் பாருங்கள். ஜப்பானில் சுமார் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகன இருப்பிட விவரங்கள் 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை வெளியிலிருந்து பார்க்கக்கூடிய நிலையில் கிடந்தன. அதற்கு யாரும் எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. கிளவுட் செட்டிங் ஒன்று தவறாக இருந்தது, பத்து ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? நல்ல ஃபயர்வால் ஒன்று வாங்கினால் போதுமா?

ஃபயர்வால் விற்பவர் முதலில் வந்துவிடுவதால் பலர் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். கிளவுடில் வரிசை வேறு. சரியான அனுமதி உள்ள ஒரு லாகின் கையில் கிடைத்தால் போதும், எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டும் டேட்டாபேஸ், அதன் பேக்கப், லாக் எல்லாவற்றையும் சில கட்டளைகளில் அழித்துவிடலாம். உங்கள் ஃபயர்வால் குறுக்கே வராது. ஏனென்றால் அந்தக் கட்டளை உங்கள் நெட்வொர்க் வழியாகப் போவதே இல்லை. கட்டளைகளை வாங்கும் வாயிலான அமேசானின் ஏபிஐக்கு நேராகப் போகிறது.

அதனால் எந்த வடிவமைப்பை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்த லாகின் திருடு போனால் எதுவரை போகும்? ஒரு டெவலப்பரின் லேப்டாப் தொலைந்தால் டெஸ்ட் சர்வரோடு நிற்குமா, கம்பெனியே போய்விடுமா? இதற்குப் பதில் கிடைக்கும் வரை நெட்வொர்க் படம் வரைந்து பயனில்லை. முதலில் கணக்குகளைப் பிரியுங்கள். பிறகு அனுமதிகள். அப்புறம் பேக்கப்பும் லாகும் யார் கைக்கும் எட்டாத இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நெட்வொர்க் அதற்குப் பிறகு.

எல்லாம் ஒரே கணக்கில் இருப்பது வசதியாகத்தானே இருக்கிறது? ஏன் பிரிக்க வேண்டும்?

கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. மற்ற நிறுவனங்களின் நிரல்களைச் சேமித்து வைத்துத் தரும் சேவை. 2014 ஜூன் 17 அன்று அதன் மீது டிடாஸ் தாக்குதல் (போலிக் கோரிக்கைகளைக் குவித்துச் சேவையை முடக்குவது) தொடங்கியது. அது வெறும் சத்தம்தான். தாக்கியவர் ஏற்கெனவே அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் கன்சோலுக்குள், அதாவது நிர்வாகத் திரைக்குள், இருந்தார். தொடர்புகொள்ளச் சொல்லி அங்கேயே செய்தியும் விட்டிருந்தார், பணம் கேட்டார். நிறுவனத்தினர் பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்கினார்கள். அவரோ முன்கூட்டியே வேறு சில லாகின்களை உருவாக்கி வைத்திருந்தார். அவர்கள் கன்சோலை மீட்க முயல்வதைப் பார்த்ததும் அழிக்கத் தொடங்கினார். ஸ்னாப்ஷாட்கள் (டிஸ்க்கின் நகல்கள்), எஸ்3 சேவையில் கோப்புகள் இருக்கும் பக்கெட்கள், மெஷின் இமேஜ்கள் எல்லாம் போயின. வெளியில் இருப்பதாக வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்ட பேக்கப்பிலும் பெரும்பகுதி போய்விட்டது, அதற்கும் வழி அந்தக் கன்சோலிலேயே இருந்தது. சுமார் 12 மணி நேரத்தில் நிறுவனம் முடிந்தது. கடையை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள்.

ஏடபிள்யூஎஸ்ஸில் கணக்கு என்பதே வலுவான தடுப்பு. ஒரு கணக்கில் அட்மினாக இருப்பவர், நீங்கள் வழி திறந்து விடாதவரை, பக்கத்துக் கணக்கில் எதையும் தொட முடியாது. பல கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் ஆர்கனைசேஷன்ஸ் சேவை இலவசம். ஆகவே செலவைக் காரணம் சொல்ல முடியாது.

நடுத்தர நிறுவனத்துக்கு நான் பரிந்துரைப்பது ஐந்து கணக்குகள். பில் கட்டவும் மற்ற கணக்குகளை நிர்வகிக்கவும் ஒரு மேலாண்மைக் கணக்கு, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ அமைப்பான புரொடக்‌ஷனுக்கு ஒன்று, டெவலப்பர்கள் விளையாட ஒன்று, லாகுக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று. மேலாண்மைக் கணக்கில் ஒரு சர்வர்கூட ஓடக் கூடாது. இதற்கு வலுவான காரணம் உண்டு. எஸ்சிபி எனப்படும் மேல்மட்டக் கட்டுப்பாடுகள் கீழுள்ள கணக்குகளின் ரூட்டை, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள முதல் லாகினைக்கூடக் கட்டுப்படுத்தும், ஆனால் மேலாண்மைக் கணக்கைக் கட்டுப்படுத்தாது. அங்கே சர்வர் ஓட்டினால் உங்கள் கட்டுப்பாடு எதுவும் எட்டாத இடத்தில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள்.

எஸ்சிபியில் என்ன எழுதலாம்? லாக் பதிவை யாரும் நிறுத்தக் கூடாது. எந்தக் கணக்கும் ஆர்கனைசேஷனை விட்டு வெளியேறக் கூடாது. இந்திய ரீஜன்கள் (டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரங்கள்) தவிர வேறெங்கும் எதையும் தொடங்கக் கூடாது. கடைசியில் சொன்னதை எழுதும்போது ஐஏஎம் (லாகின்களையும் அனுமதிகளையும் நிர்வகிப்பது) போன்ற உலகளாவிய சேவைகளுக்கு விலக்குக் கொடுக்க மறந்தால் திங்கட்கிழமை காலை எல்லோரும் உங்களைத் தேடுவார்கள். முதலில் டெவலப்பர் கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றவற்றுக்குக் கொண்டுபோங்கள்.

ரூட் லாகினை யார் வைத்திருக்க வேண்டும்?

அன்றாட வேலைக்கு யாரும் தொடக் கூடாது. அந்த லாகினின் மின்னஞ்சல் முகவரி தனி ஒருவருடையதாக இருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. நிறுவனம் தொடங்கிய நாளில் யாரோ ஒரு இளைஞர் தன் சொந்த ஜிமெயிலில் கணக்கைத் திறந்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருக்கும். முகவரியை நிறுவன டொமைனில் உள்ள குழு முகவரியாக மாற்றுங்கள். தொலைபேசி எண்ணையும் பாருங்கள், அதுவும் பழையவருடையதாகவே இருக்கும்.

ரூட்டுக்கு ஆக்சஸ் கீ (நிரல்கள் உள்ளே வரப் பயன்படுத்தும் சாவி) இருந்தால் அழித்துவிடுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் எம்எஃப்ஏவை 2024 முதல் அமேசானே படிப்படியாகக் கட்டாயமாக்கிவிட்டது. யூஎஸ்பி செக்யூரிட்டி கீ இரண்டு வாங்கி, இரண்டையும் பதிவு செய்து, ஒன்றை அலுவலகப் பெட்டகத்திலும் மற்றொன்றை வேறு இடத்திலும் வையுங்கள்.

ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் ஐஏஎம் யூசர் உருவாக்கி ஆக்சஸ் கீ கொடுத்திருக்கிறோம். சரிதானா?

இப்போது அது தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் 365-ஓ கூகுள் வொர்க்ஸ்பேஸோ ஏற்கெனவே வைத்திருப்பீர்கள். ஐடென்டிட்டி சென்டர் சேவையை அதோடு இணைத்துவிட்டால் ஊழியர்கள் அலுவலக லாகினிலேயே கிளவுடுக்குள் வரலாம். கட்டளை வரியில் வேலை செய்பவர்களுக்கும் சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சான்றுகள் கிடைக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஹெச்ஆர் ஓரிடத்தில் முடக்கினாலே எல்லா இடத்திலும் கதவு மூடும்.

நிரந்தர ஆக்சஸ் கீயில் என்ன ஆபத்து? அது எங்கெங்கோ போய் ஒட்டிக்கொள்கிறது: கட்டமைப்புக் கோப்பில், வாட்ஸாப் செய்தியில், நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில். ஊபரில் 2016-இல் நடந்தது இதுதான். அவர்களுடைய பொறியாளர்கள் பயன்படுத்திய கிட்ஹப் ரெபோவுக்குள் (நிரல் தொகுப்பு) புகுந்தவர்கள் அங்கிருந்த ஏடபிள்யூஎஸ் சான்றுகளை எடுத்து, எஸ்3-இல் இருந்த 5.7 கோடிப் பேரின் விவரங்களை இறக்கிக்கொண்டார்கள். அது வெளியார் பார்க்க முடியாத பிரைவேட் ரெபோ என்பதைக் கவனியுங்கள். ரெபோ பிரைவேட்தானே என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

உங்களிடம் எத்தனை நிரந்தரக் கீகள் கிடக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஐஏஎம்மில் கிரெடென்ஷியல் ரிப்போர்ட் இறக்குங்கள். ஒவ்வொரு கீயும் எப்போது உருவானது, கடைசியாக எப்போது பயன்பட்டது என்று அதில் இருக்கும். நிரலுக்குள் தேட வேண்டுமானால், நிரந்தரக் கீயின் எண் ஆங்கிலத்தில் ஏ-கே-ஐ-ஏ என்ற நான்கெழுத்தில் தொடங்கும். தற்காலிகமானது ஏ-எஸ்-ஐ-ஏ என்று தொடங்கும். முதல் வகையை ரெபோ முழுக்கத் தேடிப் பாருங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலிருந்து டிப்ளாய் செய்கிறீர்கள் என்றால் அங்கேயும் கீ வைக்க வேண்டியதில்லை, கிட்ஹப்பின் அடையாளத்தை ஏடபிள்யூஎஸ் சரிபார்க்கும் ஓஐடிசி முறை வழியாக ஒரு ரோலை (அனுமதிகளின் தொகுப்பு) தற்காலிகமாக எடுத்துக்கொள்ள வைக்கலாம்.

எம்எஃப்ஏ எல்லோருக்கும் வேண்டுமா, அட்மின்களுக்கு மட்டும் போதுமா?

எல்லோருக்கும். 2024-இல், கிளவுடில் தரவுக் கிடங்கு நடத்தும் ஸ்னோஃப்ளேக்கின் வாடிக்கையாளர்கள் பலருடைய தரவு திருடப்பட்டது. டிக்கெட்மாஸ்டர், சாண்டாண்டர், ஏடி அண்ட் டி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஸ்னோஃப்ளேக்கின் சிஸ்டத்தை யாரும் உடைக்கவில்லை. மால்வேர் மூலம் யாரோ சிலரின் கணினிகளிலிருந்து திருடிய பாஸ்வேர்டுகளை வைத்து நேராக லாகின் செய்தார்கள். அந்தக் கணக்குகளில் எம்எஃப்ஏ இல்லை. சில பாஸ்வேர்டுகள் திருடுபோய்ப் பல ஆண்டுகளாகியும் மாற்றப்படாமல் இருந்தன.

அனுமதிகளைக் குறைத்துக் கொடு என்கிறார்கள். எவ்வளவு குறைப்பது? வேலை நின்றுவிடுமே?

கேப்பிட்டல் ஒன் வங்கியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கிளவுட் வடிவமைப்பில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2019 மார்ச். வங்கியின் வெப் ஃபயர்வால் ஒன்று இசி2 மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது, அதன் செட்டிங்கில் ஓர் ஓட்டை. வெளியிலிருந்து வந்த ஒருவர் அந்த ஃபயர்வாலைத் தூதுவனாக்கி, மெஷினுக்குள் மட்டுமே எட்டக்கூடிய 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியைக் கேட்க வைத்தார். அந்த முகவரி கேட்பவருக்கு மெஷினின் ரோலுக்கான தற்காலிகச் சான்றுகளைக் கொடுக்கும். கொடுத்தது. அந்தச் சான்றுகளை வைத்து எஸ்3 பக்கெட்களைப் பட்டியல் எடுத்தார், பிறகு நகலெடுத்தார். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள். வங்கிக்கு இது தெரியவந்தது ஜூலையில், அதுவும் வெளியாள் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலால். அடுத்த ஆண்டு அமெரிக்க வங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இதில் ஓட்டையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஓட்டை எங்கும் வரும். என் கேள்வி வேறு: ஒரு ஃபயர்வால் மெஷினுக்கு வாடிக்கையாளர் விண்ணப்பங்கள் இருக்கும் பக்கெட்களைப் படிக்கும் அனுமதி எதற்கு? அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் உள்ளே வந்தவருக்கு ஒரு மெஷின் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

நடைமுறையில் என்ன செய்வது என்றால், ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி ரோல் கொடுங்கள். "எல்லாப் பக்கெட்டிலும் எல்லாம் செய்யலாம்" என்பதற்குப் பதிலாக, எந்தப் பக்கெட், அதில் படிப்பதா எழுதுவதா என்று பெயர் சொல்லி எழுதுங்கள். முதல் நாளே கச்சிதமாக எழுத யாராலும் முடியாது. டெவலப்பர் கணக்கில் தாராளமாக விட்டு ஓடவிடுங்கள். சில வாரம் கழித்து ஆக்சஸ் அனலைசரைக் கேட்டால், இந்த ரோல் உண்மையில் எந்த அனுமதிகளைப் பயன்படுத்தியது என்று லாகைப் பார்த்து ஒரு பாலிசியை எழுதிக் கொடுக்கும். அதைத் திருத்திப் புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகள் அதில் விடுபடும், அதை மட்டும் கையால் சேர்க்க வேண்டும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2019 நவம்பரில் அமேசான் மெட்டாடேட்டா சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. முதலில் டோக்கன் வாங்கினால்தான் பதில் சொல்லும், ஆகவே இந்த வகைத் தூது வேலை பெரும்பாலும் எடுபடாது. உங்கள் பழைய மெஷின்களில் இரண்டாம் பதிப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நெட்வொர்க்கை எப்படிப் பிரிப்பது?

பழைய மூன்றடுக்கு முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. வெளியே தெரியும் பகுதியில், வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சர் மட்டும் இருக்கட்டும். அப்ளிகேஷன் சர்வர்கள் தனி சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு துண்டு), டேட்டாபேஸ் இன்னும் உள்ளே. டேட்டாபேஸுக்கு யார் வரலாம் என்று சொல்லும் செக்யூரிட்டி குரூப்பில் ஐபி முகவரி எழுதாமல் "அப்ளிகேஷன் சர்வர்களின் குரூப்பிலிருந்து வருவது மட்டும்" என்று எழுதலாம். சர்வர்கள் கூடினாலும் குறைந்தாலும் விதியை மாற்ற வேண்டியதில்லை.

0.0.0.0/0 (யார் வேண்டுமானாலும் வரலாம்) என்று எழுதி, சர்வருக்குள் நுழையும் 22 (எஸ்எஸ்ஹெச்) அல்லது 3389 (விண்டோஸ் ரிமோட்) போர்ட்டைத் திறந்து வைத்திருப்பதை இன்றும் பார்க்கிறேன். எஸ்எஸ்ஹெச்சே வேண்டாம், செஷன் மேனேஜர் வழியாகப் போனால் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை, யார் எப்போது உள்ளே போனார் என்பதும் பதிவாகும். வெளியே போகும் பக்கத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. உள்ளே புகுந்தவர் தரவை வெளியே கொண்டுபோக வேண்டுமே! டேட்டாபேஸ் சப்நெட்டுக்கு இணையத்துக்கு வழியே இருக்கக் கூடாது. எஸ்3-க்கு இணையம் வழியாகப் போகாமல் நேராகப் போக கேட்வே எண்ட்பாயிண்ட் போடுங்கள். அது இலவசம், உள் சர்வர்களை இணையத்துக்கு இணைக்கும் நாட் கேட்வேயின் பில்லும் குறையும்.

இன்னொன்று. எல்லோரும் பழக்கத்தில் 10.0.0.0/16 என்ற முகவரி வரம்பிலேயே விபிசி (கிளவுடில் உங்கள் தனி நெட்வொர்க்) தொடங்குகிறார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு விபிசியை இணைக்கப் போனால் அதுவும் 10.0.0.0/16. முகவரிகள் மோதினால் இரண்டையும் இணைக்கும் பியரிங் நடக்காது. அலுவலகம், கிளைகள், எல்லாக் கணக்குகள் என்று ஒரு பக்கத்தில் முகவரிப் பட்டியல் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தரவை என்கிரிப்ட் செய்திருக்கிறோம். திருடினாலும் படிக்க முடியாதே?

யார் திருடுகிறார் என்பதைப் பொறுத்தது. டேட்டா சென்டரிலிருந்து டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனால் படிக்க முடியாதுதான். 2023 ஜனவரி முதல் எஸ்3-இல் புதிதாகப் போடுவதெல்லாம் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. ஆனால் சரியான அனுமதியுள்ள ரோலின் சான்றுகளோடு வருபவருக்கு எஸ்3 தானே திறந்து கொடுத்துவிடும். கேப்பிட்டல் ஒன் தரவும் என்கிரிப்ட் ஆகியே இருந்தது. உள்ளே வந்தவருக்குக் கிடைத்த அனுமதியே அதைத் திறக்கவும் போதுமானதாக இருந்தது என்று வங்கியே சொன்னது. பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைப் பக்கத்து ஆணியில் மாட்டிய கதைதான்.

என்கிரிப்ஷனால் பயன் வேண்டும் என்றால், முக்கியத் தரவுக்கு, என்கிரிப்ஷன் கீகளை நிர்வகிக்கும் கேஎம்எஸ் சேவையில் உங்கள் சொந்தக் கீயை உருவாக்கி, அந்தக் கீயை யார் பயன்படுத்தலாம் என்பதைப் பக்கெட் அனுமதியிலிருந்து தனியாக எழுதுங்கள். இரண்டு அனுமதியும் இருப்பவர் மட்டும் படிக்கலாம். கீயை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் வரை காத்திருக்கும். அந்த அழிப்புக் கோரிக்கைக்கு ஓர் அலாரம் வையுங்கள், கீ போனால் தரவும் போச்சு.

பேக்கப் தினமும் எடுக்கிறோம். போதாதா?

எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கோட் ஸ்பேசஸும் பேக்கப் எடுத்துக்கொண்டுதான் இருந்தது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்து போனது. அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நடந்தது இன்னும் விசித்திரம். அவர்களுக்காகக் கூகுள் கிளவுடில் அமைத்த தனிக் கிளவுடை உருவாக்கும்போது, கூகுள் ஊழியர்கள் உள் கருவி ஒன்றில் ஒரு புலத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அதற்கு ஓர் ஆண்டு ஆயுள் என்று அந்தக் கருவி எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அழித்துவிட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீள்வதற்குக் கைகொடுத்தது.

ஆக, மூன்று விதமான இழப்பு இருக்கிறது: தீ, திருடன், சேவை நிறுவனத்தின் தவறு. வேறு ஊர் ரீஜனில் பிரதி வைத்தால் முதலாவதுக்குப் போதும். திருடனுக்கு, தனிப் பேக்கப் கணக்கும், கோப்புகளை அழிக்கவிடாத எஸ்3 ஆப்ஜெக்ட் லாக் வசதியும் வேண்டும். ஆப்ஜெக்ட் லாக்கில் கம்ப்ளையன்ஸ் முறையைத் தேர்ந்தெடுத்தால், சொன்ன நாள் வரை ரூட்கூட அழிக்க முடியாது. நாள் கணக்கைக் கவனமாகப் போடுங்கள். 30 என்பதற்குப் பதில் 3000 என்று அடித்துவிட்டால் எட்டு வருடம் வாடகை கட்ட வேண்டியதுதான். மூன்றாவது இழப்புக்கு, கம்பெனி உயிர்பிழைக்கத் தேவையான தரவை மட்டுமாவது வேறொரு நிறுவனத்திடமோ சொந்த இடத்திலோ வையுங்கள்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை வெறும் கணக்கில் மீட்டு, அப்ளிகேஷன் லாகின் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸ் வந்துவிடும், அதன் கேஎம்எஸ் கீக்கு அந்தக் கணக்கிலிருந்து அனுமதி இல்லாமல் திறக்காது. இது அந்த ஒத்திகையில்தான் தெரியவரும்.

லாக் எவ்வளவு நாள் வைக்க வேண்டும்?

இந்தியாவில் இதற்குச் சட்டமே பதில் சொல்கிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி லாக்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அவை ஓராண்டு கேட்கின்றன. ஆகவே ஓராண்டு என்றே வைத்துவிடுங்கள்.

கணக்கில் யார் என்ன செய்தார் என்று பதிவு செய்யும் கிளவுட்ரெயில் சேவையின் கன்சோலில் தானாகக் கிடைப்பது 90 நாள் வரலாறு மட்டும். ஆர்கனைசேஷன் அளவில் ஒரு டிரெயில் (தொடர் பதிவு) உருவாக்கி, எல்லாக் கணக்கின் லாகும் லாக் கணக்கின் பக்கெட்டுக்குப் போகும்படி செய்யுங்கள். இன்னொரு பொறியும் உண்டு: பக்கெட்டுக்குள் இருக்கும் கோப்பை யார் படித்தார் என்பது இயல்பாகப் பதிவாகாது. டேட்டா ஈவண்ட்ஸ் என்பதைத் தனியாக இயக்க வேண்டும், அதற்குப் பணம். வாடிக்கையாளர் விவரம் இருக்கும் பக்கெட்களுக்கு மட்டும் இயக்கினால் செலவு அடங்கும்.

லாகுக்குக் காசு கொடுப்பது வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023-இல் மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் சேவைக்குள் சீனாவுடன் தொடர்புடைய குழு ஒன்று புகுந்து அமெரிக்க அரசு அதிகாரிகளின் அஞ்சல்களைப் படித்தது. அதை முதலில் கண்டுபிடித்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. காரணம், அவர்கள் கூடுதல் கட்டணச் சந்தாவில் கிடைக்கும் லாக்களை வாங்கியிருந்தார்கள். மலிவான சந்தாவில் இருந்தவர்களுக்கு அந்த லாக்களே கிடைக்கவில்லை. கடும் விமர்சனத்துக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் அவற்றை மற்றவர்களுக்கும் கூடுதல் கட்டணமின்றித் திறந்துவிட்டது.

தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டுமா?

துறையைப் பொறுத்தது. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சொல்லிவிட்டது. 2023-இன் தனிநபர் தரவுச் சட்டம் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைப் பொதுவாகத் தடுக்கவில்லை; குறிப்பிட்ட நாடுகளுக்கு அரசு தடை விதிக்கலாம். ஆனால் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பை, ஹைதராபாத் இருக்கின்றன. கூகுளுக்கு மும்பை, டெல்லி. அஸ்யூரின் தென்னிந்திய ரீஜன் சென்னையிலேயே இருக்கிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும் இங்கேயே வைத்துக்கொள்வது சுலபம்.

கன்சோலில் கிளிக் செய்து உருவாக்கினால் என்ன தப்பு? டெராஃபார்ம் கட்டாயமா?

டெராஃபார்ம் என்பது கிளவுட் அமைப்பை நிரலாக எழுதி உருவாக்கும் கருவி. சிறிய அமைப்புக்குக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார், எப்போது, ஏன் இந்தப் போர்ட்டைத் திறந்தார் என்ற கேள்விக்கு, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் வரலாறு போலப் பதில் சொல்ல வேறொன்றில்லை. டெராஃபார்ம் எடுத்தால், உருவாக்கியவற்றின் நிலையைக் குறித்துவைக்கும் அதன் ஸ்டேட் கோப்பைக் கவனியுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு போன்றவை அதில் அப்படியே எழுத்தாக இருக்கக்கூடும். அதைக் கிட்டில் போடாதீர்கள்.

எங்கள் ஐடி குழுவே மூன்று பேர்தான். இதெல்லாம் சாத்தியமா?

சாத்தியம்தான், பணமும் அதிகம் தேவையில்லை. கணக்குப் பிரிப்பு, எஸ்சிபி, ஐடென்டிட்டி சென்டர், எஸ்3-இல் பொது அணுகலைக் கணக்கு முழுக்கத் தடுக்கும் வசதி எல்லாமே இலவசம். முதல் டிரெயிலின் நிர்வாக லாகுக்கும் கட்டணமில்லை, சேமிக்கும் இடத்துக்கு மட்டும்தான். காசு கொடுத்து வாங்க வேண்டியது என்று நான் முதலில் சொல்வது, லாக்களைப் பார்த்துச் சந்தேக நடமாட்டத்தை எச்சரிக்கும் கார்ட் டியூட்டி. 30 நாள் இலவசமாகப் பார்த்து உங்கள் அளவுக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ளலாம்.

பட்ஜெட் அலாரம் வையுங்கள், அதையும் பாதுகாப்பு அலாரமாகவே பாருங்கள். திருடிய கீயை வைத்துப் பலர் முதலில் செய்வது பெரிய மெஷின்களைத் தொடங்கிக் கிரிப்டோ மைனிங் ஓட்டுவதுதான். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. 2018-இல் டெஸ்லாவின் கிளவுடில் அப்ளிகேஷன்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸின் பாஸ்வேர்டு இல்லாத கன்சோல் வழியாகப் புகுந்தவர்கள், கண்ணில் படாமலிருக்க மைனிங்கைக் குறைந்த வேகத்தில்தான் ஓட்டினார்கள்.

யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று தெரிகிறது. முதலில் என்ன செய்வது?

மெஷினை அழிக்காதீர்கள், பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதுதான். எதையும் உள்ளே வெளியே விடாத ஒரு செக்யூரிட்டி குரூப்பை மாட்டித் தனிமைப்படுத்தி, டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் எடுங்கள். அந்தக் குரூப்பை முன்பே உருவாக்கி வைத்திருப்பது நல்லது.

அடுத்து, கீயை முடக்கினால் மட்டும் போதாது. அந்தக் கீயை வைத்து ஏற்கெனவே எடுத்த தற்காலிகச் சான்றுகள் காலாவதியாகும் வரை உயிரோடு இருக்கும். ரோலின் பக்கத்தில் செயலில் உள்ள செஷன்களை ரத்து செய்யும் பொத்தான் இருக்கிறது. இந்த நேரத்துக்கு முன் வாங்கிய எதுவும் செல்லாது என்று அது ஒரு தடையை எழுதும். பிறகு புதிதாக முளைத்த யூசர்கள், ரோல்கள், கீகள் இருக்கின்றனவா என்று கிளவுட்ரெயிலில் பாருங்கள். இதற்கிடையே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், 6 மணி நேரக் கெடு நீங்கள் அறிந்த நொடியிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது.

ஏற்கெனவே எல்லாம் ஒரே கணக்கில் ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது எப்படிப் பிரிப்பது?

ஓடுகிற கணக்கை மேலாண்மைக் கணக்காக மாற்றிவிடாதீர்கள். அதிலிருந்தே ஆர்கனைசேஷனைத் தொடங்குவதுதான் சுலபமாகத் தெரியும். அப்படிச் செய்தால் எஸ்சிபி எட்டாத இடத்தில் உங்கள் புரொடக்‌ஷன் மாட்டிக்கொள்ளும். புதிதாக வெறும் கணக்கொன்றைத் திறந்து, அதில் ஆர்கனைசேஷனை உருவாக்கி, பழைய கணக்கை உறுப்பினராக அழையுங்கள். சேர்ந்த அன்றே எதுவும் நின்றுவிடாது. பில் மட்டும் புதிய கணக்குக்கு மாறும், எனவே பழைய இன்வாய்ஸ்களை அக்கவுண்ட்ஸ் பிரிவு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளட்டும். புதிதாக உருவாக்கும் கணக்குகளில் தானாக வரும் நிர்வாக ரோல், அழைத்துச் சேர்த்த கணக்கில் வராது. கையால் உருவாக்க வேண்டும்.

அடுத்து லாக் கணக்கும் பேக்கப் கணக்கும். இவ்வளவு செய்தாலே திருடனிடமிருந்து பாதிக் கம்பெனி தப்பித்துவிடும், ஓடுகிற எதையும் தொடாமலே. டெவலப்பர் வேலைகளை அதற்குப் பிறகு வெளியே எடுங்கள், புரொடக்‌ஷன் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பக்கெட்களை இடம் மாற்றும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: பெயர் உலகம் முழுக்க ஒன்றுதான் இருக்க முடியும், பழையதை அழிக்காமல் அதே பெயரில் புதிய கணக்கில் திறக்க முடியாது. அழித்தவுடன் அந்தப் பெயரை வேறு யாரோ எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே புதிய பெயரில் திறந்து, நிரலில் பெயரை மாற்றி, பழையதைக் காலி செய்து வெறுமனே வைத்திருங்கள்.